முயலும் மனிதனும் தடுப்பூசியும்

முழுநிலவைச் சுட்டிக்காட்டி, அதில் முயல் ஒன்று இருக்கிறதென்று குழந்தைக்குச் சொல்லும் வழக்கம் தமிழரிடையே நெடுங்காலமாக உண்டு. சிங்கத்தைக் கிணற்றில் வீழ்த்திய சிறுமுயலின் கதையைக் கேளாமல் வளர்ந்த பிள்ளைகள் அரியர். கதையிலே தன் அறிவால் பிழைத்துக்கொண்ட முயல், மெய்யான வரலாற்றிலே மனிதனின் அறிவுக்கு முன் பட்ட பாடு வேறு. இன்று பல நாடுகளில் செல்லமாக வளர்க்கப்படும் முயலுக்கு ஆண்டுதோறும் தடுப்பூசி போடப்படுகிறது. அந்தத் துளி மருந்துக்குப் பின்னால் நூறாண்டுக்கும் மேற்பட்ட கதை அடங்கியிருக்கிறது. அக்கதையில் முயல் மனிதனைக் காத்ததும் உண்டு. மனிதன் முயலை அழித்ததும் உண்டு. அழித்த கையாலேயே அதனைக் காக்க முற்பட்டதும் உண்டு.

முயல் அளித்த கொடை

1885ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 6ஆம் நாள், வெறிநாயால் கடியுண்ட ஜோசப் மெய்ஸ்டர் என்னும் ஒன்பது வயதுச் சிறுவனுக்குப் பாரிசு நகரில் முதல் ஊசி போடப்பட்டது. அம்மருந்தை உருவாக்கியவர் லூயி பாஸ்டர். வெறிநோய்க் கிருமியை முயலின் உடலில் ஏற்றி, அந்நோயால் மாண்ட முயலின் தண்டுவடத்தை எடுத்து, கண்ணாடிக் குடுவையில் தொங்கவிட்டு உலர்த்தினார் அவர். உலர உலரக் கிருமியின் வீரியம் குன்றியது. வீரியம் மிகக் குன்றியதில் தொடங்கி, படிப்படியாக வீரியம் மிக்கதைச் செலுத்தினார். சிறுவன் உயிர் பிழைத்தான். அன்று தொடங்கி வெறிநாய்க்கடிக்கு அஞ்சிய மனித குலம் ஆறுதல் கொண்டது. அந்த ஆறுதலுக்குத் தன் முதுகெலும்பின் உள்ளீட்டையே கொடுத்த உயிர் முயல் என்பதை நினைப்பவர் சிலரே.

பகையான உயிர்

அதே காலத்தில் உலகின் தென்கோடியில் முயல் பெரும்பகையாகக் கருதப்பட்டது. 1859ஆம் ஆண்டு, தாமஸ் ஆஸ்டின் என்னும் நிலக்கிழார், வேட்டை இன்பத்துக்காக இங்கிலாந்திலிருந்து 24 முயல்களை ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்துக்குத் தருவித்தார். அங்கு அவற்றை அடக்கும் இயற்கைப் பகை போதுமான அளவில் இல்லை. சில பத்தாண்டுகளில் அவை கோடிக்கணக்கில் பெருகின. மேய்ச்சல் நிலத்தை மொட்டையடித்தன. ஆடு மேய்த்த குடும்பங்கள் நிலத்தைக் கைவிட்டு வெளியேறின. மேற்கு ஆஸ்திரேலியா 1901 முதல் 1907 வரை நெடுந்தொலைவுக்கு முயல்வேலி அமைத்தும் முழுப்பயன் கிட்டவில்லை.

அதற்கு முன்பே, 1887இல், முயலை ஒழிக்கும் வழி காண்பவருக்கு 25,000 பவுன் பரிசு என்று நியூ சவுத் வேல்ஸ் அரசு அறிவித்திருந்தது. அந்த அழைப்பை ஏற்றவர்களுள் ஒருவர் அதே லூயி பாஸ்டர். கோழிக் காலராக் கிருமியை முயல்களிடையே பரப்பலாம் என்பது அவர் கருத்து. தம் மருமகன் முறையினரான அட்ரியன் லுவார் என்பவரை 1888இல் சிட்னிக்கு அனுப்பினார். சிட்னித் துறைமுகத்திலுள்ள ராட் தீவில் சோதனைகள் நடந்தன. கிருமியை உண்ட முயல் மாண்டது. ஆயினும் நோய் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போதிய அளவில் தொற்றவில்லை. பரிசு எவருக்கும் கிட்டவில்லை. முயலின் துணையால் மனிதனுக்கு நோய்த்தடுப்புத் தந்த அறிவியல், மூன்றே ஆண்டுகளில் முயலுக்கு நோய் தர முனைந்தது என்பது வரலாறு காட்டும் உண்மை.

கிடைத்தது கொடிய நோய்

தேடிய நோய் வேறோரிடத்தில் கிடைத்தது. 1896இல் உருகுவே நாட்டின் மாண்டிவீடியோ நகரில், சனரெல்லி என்னும் இத்தாலிய அறிஞரின் ஆய்வுக்கூட முயல்கள் திடீரென நோயுற்று மடிந்தன. கண் இமைகள் வீங்கி மூடும். தலையிலும் பிறப்புறுப்பிலும் கட்டிகள் எழும். இரண்டு வாரத்துக்குள் மரணம் நேரும். இதுவே மிக்சோமாடோசிஸ் எனப்படும் நோய். தென் அமெரிக்கக் காட்டு முயலுக்கு அது சிறு கட்டியோடு போய்விடும். ஐரோப்பிய முயலுக்கோ அதுவே கூற்று. அதனைக் கொண்டு செல்வது கொசு.

1950இல் ஆஸ்திரேலிய அரசின் ஆய்வு நிறுவனம் மர்ரே ஆற்றுப் பள்ளத்தாக்கில் இந்நோயைப் பரப்பியது. மழையும் கொசுவும் பெருகிய அக்கோடையில் நோய் காட்டுத்தீயெனப் படர்ந்தது. தொடக்கத்தில் நோயுற்ற நூறு முயல்களில் தொண்ணூற்றொன்பதுக்கு மேல் மாண்டன. அவ்வேளை அப்பகுதி மக்களிடையே மூளைக்காய்ச்சல் தோன்றவே, முயல் நோயே காரணமோ என்னும் அச்சம் எழுந்தது. மக்களின் ஐயத்தைப் போக்க, 1951இல் பர்னெட், ஃபென்னர், குளூனிஸ் ராஸ் என்னும் மூன்று அறிஞர்கள் அந்தக் கிருமியைத் தம் உடலிலேயே செலுத்திக்கொண்டனர். மூவருக்கும் யாதொரு தீங்கும் நேரவில்லை. அவருள் ஃபென்னரே, பின்னாளில் பெரியம்மை ஒழிந்ததைச் சான்றுரைத்த உலக ஆணைக்குழுவின் தலைவராக விளங்கி, 1980இல் அந்நற்செய்தியை உலகுக்கு அறிவித்தவர்.

மதில் தாண்டிய கிருமி

1952 ஜூன் 14ஆம் நாள், பிரான்சு நாட்டு மருத்துவர் அர்மான் தெலில் என்பவர், மதில் சூழ்ந்த தம் பண்ணையில் முயல் தொல்லையை ஒழிக்க விரும்பி, இரண்டு முயல்களுக்கு இந்நோய்க் கிருமியை ஏற்றி விட்டார். மதில் கிருமிக்குத் தடையாகவில்லை. சில ஆண்டுகளுக்குள் பிரான்சின் காட்டு முயல்களுள் பத்தில் ஒன்பது மாண்டன. 1953இல் நோய் கடல் கடந்து இங்கிலாந்தின் கெண்ட் பகுதியை அடைந்தது. அங்கே அதனைப் பரப்பியது முயலின் மேல் வாழும் தெள்ளுப்பூச்சி. கண் தெரியாமல் சாலையோரங்களில் தடுமாறிய முயல்களைக் கண்டு மக்கள் மனம் நொந்தனர். வேண்டுமென்றே நோயைப் பரப்புவது குற்றம் என்று 1954இல் அந்நாட்டில் சட்டம் பிறந்தது. பிரான்சிலோ, அம்மருத்துவருக்கு 1955இல் 5,000 பிராங்கு தண்டமும், மறு ஆண்டு பொற்பதக்கமும் கிடைத்தன! ஒரே செயலுக்குத் தண்டமும் பதக்கமும் வழங்கப்பட்டதிலிருந்தே, மனிதனுக்கு முயலைப் பற்றி இருமனம் இருந்தமை விளங்கும்.

ஏனெனில் கிருமி காட்டு முயலென்றும் வீட்டு முயலென்றும் பார்ப்பதில்லை. ஏழை எளியோர் கூண்டில் வளர்த்த முயல்களும் குழந்தைகள் பெயரிட்டு வளர்த்த முயல்களும் சேர்ந்தே மடிந்தன. அப்போதுதான் தடுப்பூசியின் தேவை உணரப்பட்டது.

காக்கும் ஊசி

அதற்கான வழியை அமெரிக்க அறிஞர் ரிச்சர்ட் ஷோப் முன்னரே காட்டியிருந்தார். 1932இல் அந்நாட்டுக் காட்டு முயலிடம் தீங்கற்ற கட்டிநோய் ஒன்றை அவர் கண்டறிந்தார். அதன் கிருமி மிக்சோமாடோசிஸ் கிருமிக்கு உறவுடையது. அது ஏறிய முயலைக் கொடிய நோய் எளிதில் வெல்வதில்லை. பசுவின் அம்மையைக் கொண்டு பெரியம்மையைத் தடுத்த ஜென்னரின் முறை போன்றதே இது. அக்கிருமியே முயலுக்குத் தடுப்பூசியாயிற்று. பின்னர், மிக்சோமாடோசிஸ் கிருமியையே வீரியம் குன்றச் செய்து ஆக்கிய தடுப்பூசிகளும் வந்தன.

ஆயினும் 1984இல் சீனாவின் சியாங்சு மாநிலத்தில் மற்றொரு நோய் தோன்றியது. முயல் குருதிப்போக்கு நோய் என்பது அதன் பெயர். அது ஈரலைச் சிதைக்கும். மாலையில் புல் தின்ற முயல் மறுநாள் காலையில் மாண்டு கிடக்கும். ஓராண்டுக்குள் சீனாவில் 14 கோடி வளர்ப்பு முயல்கள் மாண்டன என்பர். ஈ, உடை, காலணி, புல் எதன் வழியும் அது பரவும். இந்நோயையும் ஆஸ்திரேலியா முயலொழிப்புக்குப் பயன்படுத்த எண்ணி வார்டாங் தீவில் சோதித்தது. 1995இல் கிருமி தீவைவிட்டுத் தப்பி நிலப்பரப்பை அடைந்தது. 2010இல் பிரான்சில் தோன்றிய புதிய வகை, முன்னையது விட்டுவைத்த இளங்குட்டிகளையும் கொன்றது.

இந்நோய்க்கு முதலில் ஆக்கிய தடுப்பூசி, நோயால் மாண்ட முயல்களின் ஈரலிலிருந்து எடுத்துச் செயலிழக்கச் செய்த கிருமியால் ஆனது. சில முயல்கள் மாண்டே பல முயல்கள் பிழைத்தன. பின்னர் 2010களின் தொடக்கத்தில், வீரியம் குன்றிய மிக்சோமாடோசிஸ் கிருமிக்குள் குருதிப்போக்கு நோய்க் கிருமியின் ஒரு கூற்றை இணைத்து, ஒரே ஊசியால் இரு நோயையும் தடுக்கும் மருந்து ஐரோப்பாவில் வந்தது. கொல்வதற்கென ஏவப்பட்ட கிருமி, காப்பதற்கான ஊர்தியாக மாறியது.

சட்டமும் செல்லமும்

எனினும் எல்லா நாட்டிலும் எல்லா முயலுக்கும் இக்காப்பு இல்லை. ஆஸ்திரேலியாவில் செல்லமுயலுக்குக் குருதிப்போக்கு நோய்த் தடுப்பூசி போட இசைவு உண்டு. மிக்சோமாடோசிஸ் தடுப்பூசிக்கு இசைவு இல்லை. அதிலுள்ள உயிர்க்கிருமி காட்டு முயல்களிடம் பரவி அவற்றுக்கும் எதிர்ப்பாற்றலைத் தந்துவிடக்கூடும் என்பதே காரணம். ஆகவே அங்கு முயல் வளர்ப்போர் கொசுவலையையே நம்ப வேண்டியுள்ளது. குவீன்ஸ்லாந்து மாநிலத்திலோ செல்லமாக முயல் வளர்ப்பதே சட்டத்துக்கு மாறு. இதனைத் 'தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால்' என்னும் பிடிவாதமென்று தள்ளிவிட இயலாது. நிலம் பாழாவதைக் கண்ட உழவனின் துயரும் மெய். கண் வீங்கிச் சாகும் முயலை மடியில் வைத்திருக்கும் குழந்தையின் துயரும் மெய். இரண்டுக்கும் மூலம், 1859இல் விளையாட்டாகக் கொண்டுவரப்பட்ட 24 முயல்களே.

இந்நோய்கள் எங்கோ தொலைவில் உள்ளவை என்று இருத்தலும் தகாது. 2020 செப்டம்பரில் சிங்கப்பூரின் செல்லமுயல்களிடையே குருதிப்போக்கு நோய் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது. அதன் பின்னரே தடுப்பூசி தருவிக்கப்பட்டது. கடல் சூழ்ந்த தீவும் கதவு சாத்திய அடுக்குமாடி வீடும் கிருமிக்கு அரண் அல்ல. இவ்விரு நோய்க்கும் வந்தபின் நேரடி மருந்து இல்லை. வருமுன் காப்பதே வழி.

முயல் தானாக மனிதனின் வீட்டுக்கு வந்த உயிரன்று. மனிதனே அதனைக் கப்பலேற்றினான். மனிதனே அதனைப் பகையென்றான். மனிதனே அதன்மீது நோயை ஏவினான். அன்று ஒரு சிறுவனின் உயிருக்காக முயல் தன் தண்டுவடத்தைக் கொடுத்தது. இன்று கூண்டிலுள்ள முயலுக்கு ஆண்டுக்கொரு முறை போடும் ஊசியை அருளென்று சொல்லிக்கொள்வதற்கில்லை. அது மனிதன் காலந்தாழ்த்திச் செலுத்தும் கடன்; அக்கடனைத் தவறாது செலுத்துதலே முயல் வளர்ப்போர்க்கு அழகாகும்.