அடைச்ச கத்தரிக்காயும் தனுஷ்கோடி ரயிலும்

எங்க வீட்டில் அதற்கு எண்ணெய்க் கத்தரிக்காய் என்று பேர் கிடையாது. 'அடைச்ச கத்தரிக்கா' என்றுதான் அப்பத்தா சொல்லும். பிஞ்சு ஊதாக் கத்தரிக்காயைக் காம்போடு எடுத்து, அடியிலிருந்து நாலாகக் கீறி உப்புத் தண்ணியில் போட்டுவைக்கும். முண்டு வத்தல், மல்லி, சின்ன வெங்காயம், ஒரு சில்லுத் தேங்காய், துளி புளி. அம்மியில் கெட்டியாக அரைத்து, வறுத்து இடிச்ச நெத்திலிக் கருவாட்டை அதோடு பிசைந்து காய்க்குள் அடைக்கும். மண்சட்டியில் கொஞ்சம் நல்லெண்ணெய் விட்டு, மூடித் தட்டில் தண்ணி ஊற்றி வைத்து, பனமட்டைத் தீயில் காம்பைப் பிடிச்சுத் திருப்பித் திருப்பி வேகவைக்கும். ராத்திரிச் சோத்துக்கு வேறொன்றும் வேண்டாம்.

1951-இல் மீனாட்சி அம்மாளின் 'சமைத்துப் பார்' வந்தது. அதற்குப் பிறகு எத்தனையோ புத்தகங்கள். தமிழர் சமையல் என்று எழுதி வைக்கப்பட்டதில் பெரும்பகுதி யார் வீட்டு அடுப்பு என்பது நமக்குத் தெரியும். கருவாடு ஏன் விடுபட்டது என்ற சண்டையை இப்போது நான் போட வரவில்லை. எனக்கு வேறொரு கணக்கு இருக்கிறது.

பண்ணை வேலைக்குப் போன எங்க ஆட்களுக்குக் கொல்லைப்புறத்தில் குழம்பு கிடைத்தது, காய் கிடைத்ததில்லை. அகப்பையை மேலாக விட்டு ஊற்றினால் குழம்பு ஊற்றியதாகவும் ஆயிற்று, காய் மிஞ்சியதாகவும் ஆயிற்று. அடைச்ச காயில் இந்தச் சாமர்த்தியம் செல்லாது. ஆளுக்கு இத்தனை என்று எண்ணித்தான் சமைக்க வேண்டும், எண்ணித்தான் வைக்க வேண்டும். அதனாலேயே அது கொல்லைப்புறத்துக்கு வந்ததில்லை. முதுகுளத்தூர்ப் பக்கத்து எங்க ஊரில் அப்பத்தாவின் ஆத்தா அதைத் தின்று பார்த்திருக்காது என்றே நினைக்கிறேன்.

அப்பத்தா கற்றுக்கொண்டது கண்டிச்சீமையில், தேயிலைத் தோட்டத்து லயத்தில். அங்கே கறிமிளகாயைக் கீறி, இடிச்ச மாசிக் கருவாட்டை அடைப்பார்கள். லயத்துக்குப் பின்னால் ஒரு பாத்தி மிளகாய், ஒரு பாத்தி கத்தரி. அரிசிக்கான காசைத் தோட்டம் கூலியில் பிடித்துக்கொள்ளும். பாத்திக் காய்க்கு மட்டும் கணக்குப்பிள்ளை இல்லை.

1914 பிப்ரவரி 24-இல் பாம்பன் பாலம் திறந்தது. எழும்பூரில் ஏறினால் தனுஷ்கோடி, அங்கிருந்து கப்பலில் தலைமன்னார், மறுபடி ரயிலில் கொழும்பு. போட் மெயில் என்று பெருமையாக எழுதுகிறார்கள். அதே தண்டவாளத்தில் தோட்டக் கூலிகளாகப் போனவர்களில் பெரும்பாலோர் பள்ளர், பறையர், சக்கிலியர். பஞ்சமும் கடனும் துரத்த, கங்காணி பின்னால் போனவர்கள். நம்ம கரையிலேயே மண்டபத்தில் இலங்கை அரசு நடத்திய முகாமில் இறக்கி, துணிகளை ஆவியில் வேகவைத்து, அம்மை குத்தி, சில நாள் அடைத்துவைத்த பிறகுதான் கப்பலுக்கு விட்டார்கள். கூலி ஆட்கள் இலங்கைக்குப் போவதை இந்திய அரசு 1939-இல் தடை செய்தது. அப்பத்தா போனது 1937-இல், எட்டு வயதில்.

தனுஷ்கோடியைப் பற்றிக் கேட்டால் அது கோயிலைச் சொல்லாது, ராமரைச் சொல்லாது. "மணலு. ஒரு செடி இல்ல. ஆபீஸ்காரவுகளுக்குக் கூடையில கத்தரிக்கா வந்து எறங்குச்சு. காயும் நாங்களும் ஒரே ரயில்லதான் போனோம்" என்று சிரிக்கும். சரிதான். மணலைத் தோண்டினால் நல்ல தண்ணி ஊறும், ஆனால் காய் விளையாது. மீன் பிடித்தவர்களுக்கு மீன் இருந்தது. காய் பாலம் தாண்டித்தான் வர வேண்டும்.

1964 அக்டோபர் 30-இல் சாஸ்திரியும் சிறிமாவோவும் கையெழுத்துப் போட்டார்கள். இந்தியாவுக்கு 5,25,000 பேர், இலங்கைக்கு 3,00,000 பேர், மீதி 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று. அவர்களும் காய் எண்ணுகிற மாதிரிதான் எண்ணியிருக்கிறார்கள். எண்ணப்பட்டவர்களை யாரும் கேட்கவில்லை. 53 நாள் கழித்து, டிசம்பர் 22 ராத்திரி, புயல் தனுஷ்கோடியை எடுத்துக்கொண்டது. பாம்பனிலிருந்து வந்த 653-ஆம் எண் ரயில், நூற்றுக்கும் மேற்பட்ட பயணிகளோடு போனது. செத்தவர்களின் பேரை முழுசாக யாரும் எழுதி வைக்கவில்லை.

ஆக, தனுஷ்கோடியில் கப்பல் ஏறிய அப்பத்தா 1974-இல் திரும்பியபோது இறங்கத் தனுஷ்கோடி இல்லை. ராமேசுவரத்தில் இறங்கினோம். எனக்கு ஐந்து வயது. மறுபடி மண்டபம் முகாம். எட்டு வயதில் பார்த்த இடத்தை நாற்பத்தைந்து வயதில் பார்த்துக்கொண்டு தகரப் பெட்டி மேல் அது உட்கார்ந்திருந்தது எனக்கு ஞாபகம் இருக்கிறது. பெட்டிக்குள் துணியில் முடிந்த மாசி.

ஊருக்கு வந்தால் 'சிலோன்காரவுக' என்று பேர். நிலம் கிடையாது. மாசி தீர்ந்த பிறகு நெத்திலி வந்தது, கறிமிளகாய் கிடைக்காததால் கத்தரிக்காய் வந்தது. நான் மேலே சொன்ன பக்குவம் இப்படி ஆனதுதான். பாரம்பரியம் என்று இதை யாராவது சொன்னால் அப்பத்தாவுக்குச் சிரிப்பு வந்திருக்கும்.

வீட்டில் ஏழு பேர். ஆளுக்கு ரெண்டு. ஆனால் சட்டியில் எப்போதும் பதினைந்து காய் இருக்கும். அப்பத்தாவின் தங்கச்சி பேர் அந்த 3,00,000-இல் விழுந்துவிட்டது, அது தோட்டத்திலேயே தங்கிவிட்டது. பதினைந்தாவது காயைப் பற்றி அப்பத்தா எதுவும் சொல்லாது. சட்டியைக் கழுவப் போகும்போது, "ஏப்பா, இதையும் தின்னுரு" என்று என் தட்டில் வைக்கும்.