தோட்டத்து ரொட்டியும் டின்மீனும்

இரத்தினபுரி, கேகாலை இறப்பர் தோட்டங்களில் பால்வெட்டு விடியலிலேயே தொடங்கிவிடும். வெயில் ஏறினால் பால் வடிவது குறையும். அதனால் லயத்து அடுப்பில் காலையில் சோற்றை முந்துவது ரொட்டி. 1977, 1983 வன்செயல்களில் மலையகத்தை விட்டு வன்னிக்குப் போன குடும்பங்களுக்கும், முகாம்களில் நிவாரண மாவில் நாட்களைக் கடத்தியவர்களுக்கும் இது பழகிய உணவுதான்.

ஆனால் ரொட்டியும் வெறுந்தேநீரும் பசியை அடக்குமே தவிர உடம்புக்குப் போதாது. வீட்டில் ஒரு டின்மீன் இருந்தால் அந்தக் குறையைத் தீர்க்கலாம்.

நான்கு பேருக்கு 500 கிராம் கோதுமை மா, பாதித் தேங்காயின் பூ, உப்பு எடுங்கள். இளஞ்சூட்டுத் தண்ணீரைச் சிறிது சிறிதாக விட்டுப் பிசைந்து, 15 நிமிடம் மூடி வையுங்கள். பிறகு உருண்டைகளாக்கித் தட்டி, சூடான கல்லில் இருபுறமும் சுடுங்கள்.

மா ஊறும் நேரத்தில் வெங்காயம், பச்சைமிளகாய், கறிவேப்பிலையை எண்ணெயில் வதக்குங்கள். 425 கிராம் டின்மீனை நீர் வடித்து, உதிர்த்துப் போட்டுப் பிரட்டுங்கள். இறக்கியபின் தேசிக்காய்ப்புளி விடுங்கள். மெத்தென்ற முள்ளை எறிய வேண்டாம்; அதில் கல்சியம் உண்டு.

உப்பிய, ஒழுகும் டின்னை வாங்காதீர்கள். மிச்சத்தைத் திறந்த டின்னில் விடாமல் வேறு பாத்திரத்துக்கு மாற்றுங்கள். மலைக்குக் கட்டிக்கொண்டு போவதானால், ஈரம் வற்றும்வரை பிரட்டி, ஆறவிட்டுக் கட்டுங்கள்; சீக்கிரமே சாப்பிட்டுவிடுங்கள்.