பெருச்சாளியின் பெயர் பூண்ட பைவிலங்கு



நம் செட்டிநாட்டு வீடுகளில் சுவரடியைத் தோண்டி, நெல்லறைக்குள் நுழைந்து பாழ்செய்யும் பெருச்சாளியை நீங்கள் அறிவீர்கள். தெலுங்கு மக்கள் அதனைப் ‘பந்திகொக்கு’ என்பர். பன்றியெலி என்பது பொருள். அச்சொல் ஆங்கிலேயர் நாவில் ‘பாண்டிகூட்’ எனத் திரிந்தது. பின்னர் ஆஸ்திரேலியாவில் குடியேறிய ஆங்கிலேயர், நீண்ட மூக்கால் மண்ணைக் கிளறும் சிறு விலங்கொன்றைக் கண்டு அதற்கும் அப்பெயரையே இட்டுவிட்டனர். பெயர் ஒன்றாயினும் இரண்டிற்கும் நெருங்கிய உறவு இல்லை. நம் பெருச்சாளி எலியினம். அதுவோ கங்காருவைப் போன்ற பைவிலங்கு.

பைவிலங்கின் குட்டி முதிராமலே பிறந்துவிடுகிறது. செங்கங்காரு ஏறத்தாழ 33 நாள்களில் ஈனும் குட்டியின் எடை ஒரு கிராமுக்கும் குறைவு. கண் திறவாத அக்குட்டிக்கு முன்னங்கால்கள் மட்டும் நன்கு வளர்ந்திருக்கும். அவற்றால் தாயின் மயிரைப் பற்றி ஏறிப் பையை அடைந்து, முலைக்காம்பைக் கவ்விக்கொள்கிறது. பாண்டிகூட்டின் கருக்காலமோ பன்னிரண்டு நாள் அளவே. அதன் பை பின்புறமாகத் திறந்திருக்கும். ஏன் தெரியுமா? தாய் மண்ணைத் தோண்டும்போது குட்டியின்மேல் மண் விழாதிருக்க வேண்டுமல்லவா!

அக்குலத்தில் பன்றிக்கால் பாண்டிகூட் என்று ஒன்றிருந்தது. முன்னங்காலில் இரு விரல்களே ஊன்றி, குளம்புபோல் தோன்றின. அதன் உடல் கடைசியாகச் சேகரிக்கப்பட்டது 1901-ஆம் ஆண்டில். இன்று அவ்வினம் இல்லை.

நம் நாட்டில் பைவிலங்குகள் ஏன் இல்லை? இந்தியா, ஆஸ்திரேலியா, அண்டார்க்டிகா, தென் அமெரிக்கா யாவும் ஒருகாலத்தில் கோண்டுவானா என்னும் ஒரே நிலமாயிருந்தன. பைவிலங்குகள் தென் அமெரிக்காவிலிருந்து அண்டார்க்டிகா வழியே ஆஸ்திரேலியாவை அடைந்தன. அண்டார்க்டிகாவின் சீமோர் தீவில் 1982-இல் கிடைத்த புதைபடிவம் அவ்வழிக்குச் சான்று. ஆனால் அதற்கு மிக முன்பே, ஏறக்குறைய 13 கோடி ஆண்டுகளுக்கு முன், இந்தியா பிரிந்து வடக்கு நோக்கி நகரத் தொடங்கிவிட்டது.

எனினும் கதை அத்துடன் முடியவில்லை. குசராத்தில் சூரத் மாவட்டத்து வஸ்தான் பழுப்பு நிலக்கரிச் சுரங்கத்தில், ஏறத்தாழ ஐந்தரைக் கோடி ஆண்டுப் பழமையுள்ள நுண்ணிய பற்கள் கிடைத்தன. பல்லின் மேடுபள்ளங்களை ஆராய்ந்து, அவை இருவகைப் பைவிலங்குகளுடையவை என்று சுனில் பாஜ்பாயும் உடனாய்வாளர்களும் 2005-இல் வெளியிட்டனர். இந்தோடெல்ஃபிஸ், யேகேரியா எனப் பெயரும் சூட்டினர். அவை ஆஸ்திரேலியாவோடு ஒட்டிய இனங்கள் அல்ல. வட கண்டங்களின் வழியே வந்தவை என்று கொள்வதே பொருத்தம் எனக் கருதுகிறேன். ஈராண்டுகளில் வேறு ஆய்வாளர்கள் யேகேரியாவின் பற்களை மீண்டும் நோக்கினர். அது பைவிலங்கன்று, வௌவால் என்பது புலனாயிற்று. எஞ்சி நின்றது இந்தோடெல்ஃபிஸ்.