தாசுமேனியப் புலியும் செம்மறி மேய்ச்சல் நிலங்களும்

தாசுமேனியப் புலி பூனைக் குடும்பத்தைச் சேர்ந்ததன்று. முதுகின் பின்பகுதியில் கருங்கோடுகளும் நாயின் சாயலும் கொண்ட ஊனுண்ணி இது; கங்காருவைப் போலவே குட்டியைப் பையில் வைத்து வளர்த்தது. தைலசின் என்பது இதன் மற்றொரு பெயர். பகலில் புதர் மறைவில் கிடந்து, பெரும்பாலும் இரவில் தனியாகவோ இணையாகவோ இரை தேடியது.

பிரித்தானியர் 1803இல் தாசுமேனியாவில் குடியேறினர். காடுகளை ஒட்டிய புல்வெளிகளில் செம்மறி ஆடுகள் பெருகின. வேட்டைக்காகக் கொண்டுவரப்பட்ட நாய்களும் பெருகி, பல கட்டுக்கடங்காமல் திரிந்தன. காலையில் ஆடு செத்துக் கிடந்தால், கொன்றது எது என்று பார்த்தவர் எவருமில்லை. பழி எளிதில் தைலசின் மீது விழுந்தது. தீவின் வடமேற்கில் ஆடு வளர்த்த வான் டீமன்ஸ் லேண்ட் கம்பெனி 1830இலேயே அதன் தலைக்கு விலை வைத்தது. அக்கம்பெனியின் மேட்டுநில மந்தைகளைப் பெருமளவில் அழித்தவை குளிரும் மழையும் தரமற்ற புல்லுமே. ஆனால் குளிருக்கு வெகுமதி அறிவிக்க முடியாதே!

1886இல் ஜான் லைன் என்னும் உறுப்பினர், ஆண்டுக்கு 30,000 முதல் 40,000 ஆடுகள் வரை பலியாவதாகத் தாசுமேனிய நாடாளுமன்றத்தில் முறையிட்டார். நம்பத்தகாத இந்தக் கணக்கை முன்வைத்த தீர்மானம் ஒரேயொரு வாக்கு வேறுபாட்டில் நிறைவேறியது. 1888 முதல் 1909 வரை, வளர்ந்த விலங்குக்கு 1 பவுனும் குட்டிக்கு 10 ஷில்லிங்கும் அரசு கொடுத்தது. மொத்தம் 2,184 வெகுமதிகள் வழங்கப்பட்டன. 1905க்குப் பின் கொண்டுவரப்பட்ட உடல்களின் எண்ணிக்கை சட்டெனச் சரிந்தது. நோயும் ஒரு காரணமாக இருக்கலாம் எனக் கருதப்படுகிறது.

தைலசின் ஆட்டைத் தொடவே இல்லை என்று வாதிடுவதும் மிகையே. எனினும் 2011இல் வெளியான தாடை ஆய்வு ஒன்று, வளர்ந்த செம்மறியை வீழ்த்தும் வலு அந்தத் தாடைக்கு இல்லை என்றும், சிறு விலங்குகளே அதற்கு ஏற்ற இரை என்றும் காட்டியது.

1936 சூலை 10 அன்று தைலசினுக்குச் சட்டப் பாதுகாப்பு கிடைத்தது. 59 நாள்களுக்குப் பின், செப்டம்பர் 7 அன்று, ஹோபர்ட் விலங்குக்காட்சிசாலையில் கடைசித் தைலசின் இறந்தது. அதன் தோல், கடைசி விலங்கினுடையது என்று அறியப்படாமலே, கல்விக் கண்காட்சிப் பொருளாக ஊர் ஊராகக் கொண்டுசெல்லப்பட்டது. 2022இல்தான் அது தாசுமேனிய அருங்காட்சியகத்தின் அலமாரி ஒன்றில் அடையாளம் காணப்பட்டது.