தலைப்பு தேடிய தலைமுறைகள்

(முன்னாள் மாணவன், இயந்திரவியல், 2007–2011)

சென்ற மாதம் நம் கல்லூரியில் இரண்டாமாண்டு படிக்கும் தம்பி ஒருவன் போன் செய்தான். "அண்ணா, பேச்சுப் போட்டி வருது. கல்லூரி வாழ்க்கையைப் பத்திப் பேசணும். கேட்கிறவங்க மனசு மாறுற மாதிரி இருக்கணுமாம். நல்ல தலைப்பா ஒண்ணு சொல்லுங்களேன்!"

நானும் பெரிய மனுஷத் தோரணையில் அடுக்கினேன். செல்போன் வரமா, சாபமா? மதிப்பெண் முக்கியமா, திறமை முக்கியமா? விடுதிச் சாப்பாடா, வீட்டுச் சாப்பாடா? பொறுமையாகக் கேட்டுவிட்டு அவன் சொன்னான்: "இதெல்லாம் ஸ்கூல்லயே பேசிட்டோம்ணா."

பொட்டில் அடித்த மாதிரி இருந்தது! யோசித்துச் சொல்கிறேன் என்று போனை வைத்தேன். யோசித்ததில் கொஞ்சம் வரலாறும், ஒரு பழைய உறுத்தலும் சேர்ந்து வந்தன. மலர்க் குழுவினர் கட்டுரை கேட்டதும் அதையே எழுத உட்கார்ந்துவிட்டேன்.

சபை ஏறி வாதம் செய்வது நமக்குப் புதிதல்ல. பட்டிமண்டபம் என்ற சொல் சிலப்பதிகாரத்திலும் மணிமேகலையிலும் இருக்கிறது. ஆனால் மாணவர்களே மன்றம் வைத்து, தலைப்பையும் தாங்களே தேர்ந்தெடுத்து, கடைசியில் ஓட்டெடுத்து முடிவு சொல்லும் பழக்கம் இங்கிலாந்தில் வளர்ந்தது. கேம்பிரிட்ஜ் யூனியன் 1815-இல் தொடங்கியது. இரண்டே ஆண்டில், 1817-இல், பல்கலைக்கழக நிர்வாகம் அதை மூடிவிட்டது. 1821-இல் மீண்டும் அனுமதி கிடைத்தது. ஆனால் நடப்பு அரசியலைத் தொடக்கூடாது என்று நிபந்தனை! எதைப் பேசக்கூடாது என்று தீர்மானிக்கும் வேலை, பேச்சு மன்றத்தோடேயே பிறந்துவிட்டது பாருங்கள்.

நம் நாட்டிலும் அப்படித்தான். கல்கத்தா இந்துக் கல்லூரியின் இளம் ஆசிரியர் ஹென்றி டெரோசியோ 1828-இல் மாணவர்களைக் கூட்டி ஒரு விவாதக் கழகம் நடத்தினார். அப்போது அவருக்கு வயது 19. விதி, உருவ வழிபாடு, நாட்டுப்பற்று எல்லாம் அங்கே தலைப்புகள். வீட்டில் கேட்கத் துணியாத கேள்விகளைப் பிள்ளைகள் மேடையில் கேட்டார்கள். பெற்றோர் கொதித்தார்கள். 1831-இல் நிர்வாகத்தின் நெருக்கடியால் அவர் வேலையை விட வேண்டியதாயிற்று. அதே ஆண்டு காலரா அவரைக் கொண்டுபோனது. வயது 22தான். அவருடைய மாணவர்களோ 'இளம் வங்காளம்' என்று வரலாற்றில் நின்றார்கள்.

கல்லூரி வாழ்க்கையைப் பற்றிய தலைப்பு என்றால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது 1897. கேம்பிரிட்ஜில் பெண்கள் 1881 முதலே தேர்வு எழுதினார்கள். தேறினாலும் பட்டம் கிடையாது. கொடுக்கலாமா என்று 1897 மே 21 அன்று பல்கலைக்கழகம் ஓட்டெடுத்தது. ஆதரவு 661, எதிர்ப்பு 1,707. வெளியே ஆண் மாணவர்கள், சைக்கிளில் போகும் பெண்ணின் உருவப் பொம்மையைத் தொங்கவிட்டு ஆர்ப்பாட்டம் செய்தார்கள். பட்டம் கிடைக்க 1948 ஆயிற்று! ஆக்ஸ்போர்டு யூனியனில் பெண்கள் உறுப்பினராக 1963 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. யாருடைய வாழ்க்கை தலைப்பாக இருந்ததோ, அவர்களுக்கு ஓட்டும் இல்லை, மேடையும் இல்லை. இதை மறக்கக்கூடாது.

தமிழ்நாட்டுக்கு வருவோம். எந்த மொழியில் தேர்வு எழுதுவது, எந்த மொழி தெரிந்தால் வேலை கிடைக்கும் என்பதெல்லாம் மாணவனின் சொந்தக் கவலை. அந்தக் கவலைதான் 1965 மொழிப் போராட்டத்தில் கல்லூரிகளைத் தெருவுக்குக் கொண்டுவந்தது. உயிர்களும் போயின. 1967-இல் பச்சையப்பன் கல்லூரியில் படித்த அண்ணா முதலமைச்சரானார். விருதுநகரில் ஒரு மாணவர் தலைவர் காமராசரையே தோற்கடித்தார். சொந்தக் கவலையிலிருந்து எழும் பேச்சுக்கு எவ்வளவு பலம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

இனி என் உறுத்தல். 1996-இல் சிதம்பரத்தில் ஒரு மருத்துவ மாணவர் ராகிங்கில் உயிரிழந்தார். தமிழகமே அதிர்ந்தது. 1997-இல் ராகிங் தடைச் சட்டம் வந்தது. சட்டம் வந்து பதினோரு வருஷம் கழித்து, 2008-இல், நான் இரண்டாமாண்டு மாணவன், தமிழ் மன்ற இணைச் செயலாளர். கல்லூரி விழாவுக்குத் தலைப்புகள் கேட்டுப் பெட்டி வைத்தோம். முதலாண்டுத் தம்பி ஒருவன் ஒரு துண்டுச் சீட்டு போட்டிருந்தான்: "முதலாண்டு மாணவனும் மனிதன்தான்."

படித்ததும் எங்களுக்குப் புரிந்தது. "எதுக்குடா வம்பு?" என்றான் ஒருவன். நான்தான் பேனாவை எடுத்து அதை அடித்தேன். 'செல்போன்: வரமா, சாபமா?' என்று எழுதிக் கொடுத்தேன். அவனும் அதையே பேசினான். மூன்றாம் பரிசு, எவர்சில்வர் டிபன் பாக்ஸ். கை தட்டினோம். அடுத்த செமஸ்டரில் டி.சி. வாங்கிக்கொண்டு போய்விட்டான். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

2009 ஜூனில் பல்கலைக்கழக மானியக் குழு ராகிங் தடை விதிகளைக் கொண்டுவந்தது. மாணவரும் பெற்றோரும் உறுதிமொழிப் பத்திரம் தர வேண்டும் என்றானது. புது மாணவர்கள் அதை நீட்டியபோதெல்லாம் நான் அடித்த அந்த ஒரு வரிதான் கண்முன் வந்தது.

ஆகவே, தம்பி தங்கைகளே! எஞ்சினியர் என்பதால் லோடு டெஸ்ட் மாதிரி மூன்று சோதனை சொல்கிறேன். ஒன்று: இந்தத் தலைப்பில் பேச உனக்குச் சொந்தமாக ஏதாவது உண்டா? இரண்டு: எதிர்க் கருத்து உள்ளவர் அதே அரங்கில் உட்கார்ந்திருக்கிறாரா? எல்லோரும் முன்பே ஒப்புக்கொண்டதைப் பேசினால் யார் மனசை மாற்றுவது? மூன்று: பேசி முடித்ததும், கேட்டவர் நாளைக் காலையில் செய்யக்கூடிய காரியம் ஒன்று இருக்கிறதா? செல்போன் தலைப்பு மூன்றிலும் தோற்கும். நான் அடித்த தலைப்பு மூன்றிலும் தேறும்.

மறுநாள் அந்தத் தம்பியிடம் இதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு மெதுவாக, "அண்ணா, நான் தமிழ் மீடியம். முதல் வருஷம் பூரா கிளாஸ்ல ஒரு டவுட்கூடக் கேட்டதில்ல. இங்கிலீஷ்ல தப்பாக் கேட்டா சிரிப்பாங்களோன்னு பயம். அதைப் பேசலாமா?" என்றான்.

"கேட்கிறவங்க என்னப்பா செய்யணும்?"

"ஒவ்வொரு வகுப்புலயும் கடைசி அஞ்சு நிமிஷம் தமிழ்ல கேட்க விட்டாப் போதும்ணா."

"பேசு" என்றேன்.

ஆண்டு விழாக்களுக்கு நடுவர்களாக வரும் முன்னாள் மாணவ நண்பர்களுக்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் கைக்கும் துண்டுச் சீட்டுகள் வரும். அடிக்கும் முன் ஒருமுறை, எழுதியவனைக் கூப்பிட்டு விசாரியுங்கள். நான் செய்யத் தவறியது அதுதான்.