பொறிகள் முகவரி பெற்ற வரலாறு



இறம்பொடையைச் சூழ்ந்த தேயிலைத் தோட்டங்களிலே, லயன் அறைகளில் வாழும் குடும்பங்கள் பலவற்றுக்குத் தனி முகவரி இல்லை. கடிதம் தோட்டக் காரியாலயத்துக்கு வரும். அங்கிருந்து உரியவரைத் தேடிச் செல்லும். பெயரொற்றுமை உடையார் இருவர் இருப்பின் அது தடுமாறும். நேர்முகப் பரீட்சைக்குரிய அழைப்பு நாள் கடந்து கைக்கு எட்டியதால் வாய்ப்பிழந்த மாணவர் ஒருவரை நான் அறிவேன். முகவரியின் அருமையை மலையகத்தார்க்கு விளக்க வேண்டுவதில்லை.

பொறிகளுக்கும் இவ்விடர் உண்டு. அவை முகவரி பெற்ற வரலாற்றை இன்று நோக்குவோம்.

1973இல் அமெரிக்காவிலே, செராக்ஸ் நிறுவனத்தின் பாலோ அல்டோ ஆய்வுநிலையத்தில், ரொபேர்ட் மெற்காவும் டேவிட் பொக்சும் கணினிகளை ஒரே கம்பியால் இணைக்கும் ஈதர்நெட் முறையை உருவாக்கத் தொடங்கினர். அக்காலத்தில் ஒவ்வொரு பொறிக்கும் 8 பிட் அளவான சிறு எண்ணே அமைந்தது. 1980இல் டிஜிட்டல், இன்டெல், செராக்ஸ் ஆகிய மூன்று நிறுவனங்களும் வெளியிட்ட விதிகள் அதனை 48 பிட் ஆக்கின. உலகில் எந்த இரு பொறிகளுக்கும் ஒரே எண் அமையலாகாது என்பதே நோக்கம்.

இவ்வெண் பிறப்பிலே பெற்ற பெயர் போன்றது. பொறி இருக்கும் வலையமைப்பிலே அதற்கு வதிவிட முகவரியும் வேண்டும். 1984இலும் 1985இலும் வகுத்த முறைகளில், எப்பெயருக்கு எம்முகவரி என்பதை மனிதர் முன்கூட்டியே பட்டியலிட வேண்டியிருந்தது. 1993இல் வந்த டி.எச்.சி.பி. முறை அச்சுமையைக் குறைத்தது. புதிய பொறி, ‘முகவரி தருவார் உண்டோ?’ எனக் கூவும், வழங்கி ஒன்றைக் காட்டும், பொறி அதனையே வேண்டும், வழங்கி உறுதிசெய்யும். எனினும் அது குத்தகையே. தவணைதோறும் புதுப்பித்தல் வேண்டும்.

2005இல் இத்தாலியின் இவ்ரேயா நகரில் ஆர்டுயினோ என்னும் மலிவான நுண்கட்டுப்படுத்திப் பலகை தோன்றியது. அதனுடன் இணைக்கும் ஈதர்நெட் பலகைகள் பலவற்றில் பிறப்பெண் பொறிக்கப்பட்டிருப்பதில்லை. நிரல் எழுதுவோரே அதனை இடல் வேண்டும்.

எமது பாடசாலை மாணவர் இத்தகைய பலகைகளால் மழைமானிகள் இரண்டு செய்தனர். தனித்தனியே இரண்டும் இயங்கின; சேர்த்து இணைத்தால் ஒன்று ஊமையாயிற்று. கம்பியை மாற்றினர், மின்னூட்டத்தை ஐயுற்றனர். முகவரி 0.0.0.0 எனத் தோன்றியிருந்தால் வழங்கி விடையளிக்கவில்லை என்று தெளியலாம், அதுவும் தோன்றவில்லை. இறுதியில் வழங்கியின் பட்டியலை நோக்கினர். பொறிகள் இரண்டு; பதிவோ ஒன்று! இரு நிரல்களும் ஒரே மாதிரியைப் பார்த்து எழுதப்பட்டமையால் பிறப்பெண்ணும் ஒன்றாயிருந்தது. வழங்கி இருவரையும் ஒருவரெனக் கருதி ஒரே முகவரியை ஈந்தது. கடைசி இலக்கத்தை மாற்றியதும் இரு மானிகளும் பேசின.

வழங்கி பிழை செய்யவில்லை. வேறுபடுத்தி அறியும் குறியின்றேல் நேர்மையான பங்கீடும் தவறிவிடும் என்பதே இதனால் அறியும் பாடம். மழைமானிக்கு ஓர் இலக்கம் இட்டோம். லயன் அறைக்கு இலக்கமிடுதல் அதனினும் அரிய காரியமோ?