காரைக்குடி வீணை

சுப்பராம ஐயர் (1883–1936), சாம்பசிவ ஐயர் (1888–1958) என்ற சகோதரர்கள் நிலைநிறுத்திய வீணை வாசிப்பு மரபு. கருவி தஞ்சாவூர் வீணை. குடும்பத்தின் பூர்வீகம் புதுக்கோட்டையை அடுத்த திருக்கோகர்ணம். காரைக்குடி இருக்கும் செட்டிநாடு கொடுத்தது ஊர்ப்பெயரையும் ஆதரவையும்தான்.

தலைமுறை தலைமுறையாக வீணையே தொழிலாக இருந்த வீடு அது. சகோதரர்களின் தந்தை சுப்பையர் புதுக்கோட்டை சமஸ்தான வித்வான். அரசவையில் வாசித்த குடும்பத்தின் பிள்ளைகள் பிற்பாடு காரைக்குடியில் குடியேறினார்கள். தூரம் அதிகமில்லை, ஆதரிப்பவர்கள்தான் மாறினார்கள். பர்மா, மலாயா, இலங்கை என்று கொண்டுவிற்கப் போன செட்டிநாட்டு வணிகர்களான நகரத்தாரின் சம்பாத்தியம் ஊரில் வளவு வீடுகளாகவும் கோயில் திருப்பணிகளாகவும் நாள்கணக்கில் நடந்த கல்யாணங்களாகவும் வந்து இறங்கிய காலம். அந்தக் கல்யாணப் பந்தல்களில் நாகசுரத்தோடு கச்சேரிக்கும் இடம் இருந்தது.

கருவி பலாமரத்தில் ஆவது. பண்ருட்டிப் பலாவுக்குத் தஞ்சாவூர்ப் பட்டறைகளில் தனி மதிப்பு. குடத்தைக் குடைந்தெடுத்து, தண்டியைச் சேர்த்து, நுனியில் யாளி முகம் வைத்தால் அது ஒட்டு வீணை. முழுவதையும் ஒரே மரத்தில் கடைந்தால் ஏகாந்த வீணை. உளி வேலை முடிந்தபின் வருவதுதான் கடினமான கட்டம். 24 மெட்டுகளையும் மெழுகில் பதிக்க வேண்டும். இதற்கு மேளம் கட்டுதல் என்று பெயர். தேன்மெழுகில் கரியைச் சேர்த்துக் குழைத்து, தண்டியின் மேல் இரண்டு கரையாக எழுப்பி, ஒவ்வொரு மெட்டாக வைத்து, தந்தியை மீட்டிப் பார்த்து நகர்த்துவார்கள். அளவுகோல் கொண்டு மட்டும் முடிகிற காரியமல்ல, காது சொல்ல வேண்டும். கோடை வெயிலில் மெழுகு இளகி மெட்டு நகர்ந்துவிட்டால் மறுபடியும் மேளம் கட்ட வேண்டியதுதான்.

வாசிப்புத் தந்திகள் நான்கு: சாரணி, பஞ்சமம், மந்தரம், அனுமந்தரம். பக்கவாட்டில் தாளத்துக்கு மூன்று. தந்தியை மெட்டின் மேலேயே பக்கமாக இழுத்தால் ஒரே இடத்தில் அடுத்தடுத்த சுரங்களும் பிறக்கும். சுரத்தை அசைத்து வளைக்கும் கமகம் வருவது அதில்தான்.

கருவியைச் செய்தவர் பெயர் நிலைக்கிறதா என்பது வேறு கேள்வி. இத்தாலியில், நேப்பிள்ஸின் ஃபப்ரிகாத்தோரே குடும்பத்தார் 18ஆம் நூற்றாண்டின் கடைசியிலும் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் செய்த கிதார்களை இன்று ஏலத்தில் எடுப்பவர்கள், முதலில் துளை வழியே உள்ளே எட்டிப்பார்த்துப் பட்டறையின் பெயர்ச்சீட்டைத்தான் தேடுகிறார்கள். நம்மூரில் கதை வேறு. பழைய வீணையைப் பற்றிப் பேச்சு வந்தால் யார் வாசித்தது என்றுதான் கேட்போம். யார் செய்தது என்று கேட்பவர் அபூர்வம். தஞ்சாவூர் வீணைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது 2013இல். ஆசாரிகளுக்கு இது மிகவும் தாமதமாக வந்த மரியாதை. அதிலும் பதிவானது ஊரின் பெயர்தான்.

சகோதரர்கள் மேடையில் உட்கார்ந்த விதமே ரசிகர்களுக்கு ஒரு காட்சி. தம்பி வீணையை வழக்கம்போல் கிடையாக வைத்திருப்பார். அண்ணன் செங்குத்தாக நிறுத்தி வாசிப்பார். அவர்கள் பாணியில் மீட்டு அழுத்தமானது, எண்ணி எடுக்கக்கூடிய அளவுக்குத் தெளிவானது. ராக ஆலாபனையை அடுத்து லயத்தோடு விரியும் தானம்தான் இந்த மரபின் உச்சம் என்று சொல்லலாம். பாட்டில் ‘அனந்தம்’ என்று நீட்டுகிற இடத்தை வலக்கை மீட்டும் தாளத் தந்தியும் சேர்ந்து நடத்திக்கொண்டு போகும். தானத்துக்கு மிருதங்கத்தையும் சேர்த்துக்கொள்வது இவர்கள் வழக்கம்.

அண்ணன் 1936இல் மறைந்தபின் தம்பி தனியாகத் தொடர்ந்தார். 1930களின் உலகப் பொருளாதார மந்தமும், 1942இல் பர்மா ஜப்பானியர் கைக்குப் போனதும் செட்டிநாட்டின் வருமானத்தை முறித்தன. வித்வான்களை ஆதரிக்கும் பொறுப்பு சபாக்களுக்கும் நிறுவனங்களுக்கும் போய்ச் சேர்ந்தது. 1952இல் சாம்பசிவ ஐயருக்கு மியூசிக் அகாதெமியின் சங்கீத கலாநிதிப் பட்டமும் சங்கீத நாடக அகாதெமி விருதும் கிடைத்தன. இந்துஸ்தானி வாத்தியத்துக்காக அதே விருதை அந்த ஆண்டு பெற்றவர் அலாவுதீன் கான். கடைசி ஆண்டுகளில் ஐயர் சென்னைக் கலாக்ஷேத்ராவில் கற்றுக்கொடுத்தார்.

பாடம் சொல்லிக்கொடுப்பதில் அவருடைய கண்டிப்பு பிரசித்தம். சரியாக விழும்வரை ஒரே வரிசையைத் திரும்பத் திரும்ப வாசிக்க வேண்டும். சிறுவயதிலேயே அவர் வீட்டில் குருகுலவாசம் இருந்த ரங்கநாயகி ராஜகோபாலன் (1932–2018), அந்தப் பயிற்சியின் அழுத்தத்தைக் கடைசிவரை தன் மீட்டில் வைத்திருந்தார். சுப்பராம ஐயரின் பேத்தி ராஜேஸ்வரி பத்மநாபனும் கலாக்ஷேத்ராவில் சாம்பசிவ ஐயரிடம் கற்றவரே. ஆண்கள் வழியாகவே வந்த பரம்பரை, மேடையில் பெரும்பாலும் பெண்கள் கையால் பிழைத்தது என்பதை வரலாறு எழுதுபவர்கள் அழுத்திச் சொல்வதில்லை. ராஜேஸ்வரியின் தம்பி சுப்பிரமணியனை ஐயர் 1957இல் சுவீகாரம் எடுத்துக்கொண்டார். மறு ஆண்டே காலமானார். காரைக்குடி எஸ். சுப்பிரமணியன் என்று அறியப்பட்ட அந்தப் பிள்ளை 1989இல் சென்னையில் பிருஹத்வனி என்ற இசை ஆய்வு, பயிற்சி மையத்தைத் தொடங்கினார்.